காவல் நிலையத்தின் மீதான புகாரை அதே நிலையத்துக்கே அனுப்பாதீர்கள்: உள்துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலர் அவர்களுக்கு,

"தங்கள் மனு விசாரிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது" என்று என் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்து பதினொரு நாள் ஆகிறது. அந்த மனுவை விசாரித்தவர் யாரென்று எனக்குத் தெரியும். நான் யார் மீது புகார் கொடுத்தேனோ, அவருடைய மேசையிலிருந்து நாலு அடி தள்ளி உட்கார்ந்திருப்பவர். இருவரும் ஒரே கடையிலிருந்து டீ வாங்கிக் குடிப்பவர்கள். இதை விசாரணை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி உங்களுக்கு எழுதுகிறேன்.

தென்மாவட்டம் ஒன்றில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதித் தருபவள் நான். 19 வருடமாக அதே வேப்பமரம், அதே மர மேசை. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடிநீர்க் குழாய், மயானப் பாதை என்று எழுதிய மனுக்களுக்குக் கணக்கில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தொடங்கி, "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிப்பது கைப்பழக்கமாகிவிட்டது. இந்த மடலில் அந்தச் சொல் வராது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

என் அண்ணன் மகனுக்கு 23 வயது. பஞ்சர் கடையில் வேலை. ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குக் கடையை அடைக்கும்போது மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சீருடையில், இருவர் சட்டை பேண்டில். சீருடைக்காரரின் நெஞ்சில் பெயர் வில்லை இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு செல்போன் காணாமல் போயிருந்ததாம். அதற்கு "சும்மா விசாரிக்கணும்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினொரு மணிக்கு நானும் அண்ணனும் ஸ்டேஷனுக்குப் போனோம். "அப்படி யாரையும் இங்க கூட்டிட்டு வரலையே" என்றார் பாராவில் நின்றவர். உள்ளே என் மருமகனின் செருப்பு கிடந்ததை நான் பார்த்தேன். இடது செருப்பின் வாருக்குப் பதிலாக டியூப் துண்டைக் கட்டியிருப்பான். அது வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்கு விட்டார்கள். இரண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். அந்த செல்போனை எடுத்தது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இவன் எடுக்கவில்லை என்பது அவர்களுக்கே மதியத்துக்குள் விளங்கிவிட்டது, இல்லாவிட்டால் விட்டிருப்பார்களா?

வீட்டுக்கு வந்தவன் பேசவில்லை. தட்டில் சோறு போட்டு வைத்தேன். வலது உள்ளங்கை ஊதி, விரல்கள் ஒன்றோடொன்று சேர மறுத்தன. சோற்றைப் பிசையப் பார்த்தான், முடியவில்லை. இடது கையால் எடுக்க வெட்கப்பட்டான். நான் உருட்டி ஊட்டினேன். மூன்றாவது கவளத்தில், "அத்தை, நான் ஒத்துக்கிட்டேன். எடுக்காததை எடுத்தேன்னு சொல்லிட்டேன்" என்றான். அடித்ததைவிட அதைச் சொல்லிவிட்டதுதான் அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

செயலர் அவர்களே, பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவை நீங்கள் அறிவீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவோ, களவுபோன பொருளைத் திரும்பப் பெறவோ ஒருவரை அடித்துக் காயப்படுத்தினால் ஏழாண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தில் இதுவே 330. அந்தப் பிரிவுக்குச் சட்டமே எடுத்துக்காட்டுகள் தருகிறது. முதல் எடுத்துக்காட்டிலேயே குற்றவாளி ஒரு போலீஸ் அதிகாரி, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி வதைக்கிறார். இரண்டாவது எடுத்துக்காட்டிலும் போலீஸ் அதிகாரிதான், திருட்டுப் பொருள் எங்கே இருக்கிறதென்று காட்டச் சொல்லி வதைக்கிறார். இப்படி நடக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. என் மருமகனுக்கு நடந்தது அந்த முதல் எடுத்துக்காட்டு, வரி பிசகாமல்.

இனி புகார் கொடுத்த கதை. இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய கொடுமைகள் செய்தியாகின்றன, நீதிமன்றம் போகின்றன. என் மருமகனுக்கு நடந்ததைப் போன்றவை ஒரு குறுஞ்செய்தியில் முடிந்துவிடுகின்றன. அவை எங்கே, எந்த மேசையில் முடிகின்றன என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

முதலில் அரசு மருத்துவமனை. "எப்படி அடிபட்டது?" என்று பணி மருத்துவர் கேட்டார். அங்கே புறக்காவல் நிலைய ஏட்டு பக்கத்திலேயே நின்றார். பையன் அவரைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "வண்டியிலிருந்து விழுந்துட்டேன்" என்றான். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறியது. இந்த ஏ.ஆர். காப்பி எவ்வளவு முக்கியம் என்று ஊராருக்கெல்லாம் சொல்லித் தரும் நானே அந்த நிமிடம் வாயடைத்து நின்றேன். மறுநாள் காலை ஷிப்டு மாறியதும் திரும்பக் கூட்டிப்போனேன். வேறொரு மருத்துவர். அவர் ஏட்டை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். அப்போதுதான் உண்மை பதிவானது: காவல் நிலையத்தில், லத்தியால், தெரிந்த இருவர். அந்த மருத்துவரின் பெயரை நான் எங்கும் சொல்ல மாட்டேன். நன்றாயிருக்கட்டும்.

அடுத்த புதன்கிழமை எஸ்.பி. அலுவலக மனு முகாமுக்குப் போனேன். நாள், நேரம், கடை இருக்கும் இடம், வண்டியின் பதிவெண், சீருடைக்காரரின் அடையாளம், நான் பார்த்த செருப்பு, இரண்டு ஏ.ஆர். காப்பி, உள்ளங்கையின் போட்டோ, எல்லாம் மனுவில் இருந்தன. அதிகாரி பொறுமையாகவே படித்தார். உட்காரவும் சொன்னார். "விசாரிக்கச் சொல்றேம்மா" என்றார். மனு எண் போட்ட ரசீது கிடைத்தது.

பதினேழாம் நாள் போன் வந்தது. "உங்க மனு விசாரணைக்கு வந்திருக்கு, ஸ்டேஷனுக்கு வாங்க." எந்த ஸ்டேஷன் என்று கேட்டேன். அதே ஸ்டேஷன்.

மனு எஸ்.பி. மேசையிலிருந்து டி.எஸ்.பி. மேசைக்கு இறங்கி, அங்கிருந்து இன்ஸ்பெக்டருக்கு இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு மேசையிலும் "தக்க நடவடிக்கைக்காக" என்று ஒரு முத்திரை. நிலைய ரைட்டர் என் மனுவைப் பிரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்த ஒரு தாளை நகர்த்தினார். பையன் இரவில் தானாக ஸ்டேஷனுக்கு வந்து விளக்கம் கொடுத்துவிட்டுப் போனதாகவும், அவனை யாரும் அடிக்கவில்லை என்றும், தவறான புரிதலில் கொடுத்த மனு என்பதால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்றும் அதில் இருந்தது. "ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்கம்மா. பையன் ஊருக்குள்ள இருக்கணும்ல" என்றார். அதட்டிச் சொல்லவில்லை, தணிந்த குரலில்தான் சொன்னார். நாலு அடி தள்ளி, நான் யார் மீது புகார் கொடுத்தேனோ அந்த எஸ்.ஐ. டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போடவில்லை.

அண்ணன் போட்டார். அடுத்த ஒரு வாரத்தில் மருமகனின் வண்டியை இரண்டு தடவை நிறுத்திச் சாவியைப் பிடுங்கினார்கள். மூன்றாவது தடவைக்கு அண்ணன் காத்திருக்கவில்லை. அண்ணன் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அந்தத் தாளைத்தான் உங்கள் துறை "விசாரணை அறிக்கை" என்கிறது.

இதெல்லாம் ஒரு நிலையத்தின் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மேசைக்கு வருகிறவர்களில் போலீஸ் மீது மனு எழுதச் சொல்பவர்கள் அநேகமாகப் பாதியில் எழுந்துவிடுவார்கள். "எழுதி என்னக்கா, அங்கதானே திரும்பி வரும்?" என்பார்கள். இந்த ஒரு வழித்தடம் மாறாதவரை மற்ற எந்த ஏற்பாடும் பயன்படாது.

மாற்றச் சொல்லி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து எத்தனை வருடம் ஆகிறது! பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று வந்த தீர்ப்பு அது. காவல்துறை மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்துக்கு ஓர் ஆணையம், மாவட்டத்துக்கு ஓர் ஆணையம். மாநில ஆணையத்துக்கு உயர்நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி தலைவர். மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. டி.எஸ்.பி. வரையிலான அதிகாரிகள் மீதான புகார் மாவட்டத்தில், எஸ்.பி.யும் அதற்கு மேலும் என்றால் மாநிலத்தில். காவல் மரணம், பலத்த காயம், பணம் பறித்தல், நில அபகரிப்பு, அதிகார துஷ்பிரயோகம் எல்லாம் இதன் வரம்புக்குள் வரும். எளிய ஏற்பாடு. புகாருக்குள்ளானவரின் மேலதிகாரியும் அல்லாத, கீழதிகாரியும் அல்லாத ஒருவர் கேட்கட்டும் என்பதுதான் அதன் உயிர்.

தமிழ்நாடு என்ன செய்தது? 2013இல் இயற்றிய தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யையும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யையும் உறுப்பினராக்கியது. மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். நீதிபதியின் நாற்காலியில் அதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த ஆணையங்களை அமைத்து ஆணை பிறப்பிக்கவும் 2019 வரை ஆனது. இந்த மடலை உங்களுக்கு எழுதுவதற்கு முக்கியக் காரணமே இதுதான்: மாநில ஆணையத் தலைவரின் நாற்காலி உங்களுடையது. எங்கள் மாவட்டத்தில் அப்படி ஓர் ஆணையம் இருப்பதை அறிவிக்கும் பலகை எதையும், ஆட்சியர் அலுவலக வாசலிலேயே 19 வருடம் உட்கார்ந்திருக்கும் நான் பார்த்ததில்லை.

பக்கத்துக் கேரளத்தின் 2011ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தில் மாவட்டப் புகார் ஆணையத்தில் ஆட்சியரும் எஸ்.பி.யும் இருக்கிறார்கள்தான், ஆனால் தலைமை ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியிடம். அது முழு நிறைவான ஏற்பாடு என்று நான் வாதாட வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கொடுக்க முடிந்ததை இந்தப் பக்கம் ஏன் கொடுக்க முடியவில்லை என்றுதான் கேட்கிறேன்.

ஆணையம் இல்லாவிட்டாலும் வேறு வழிகள் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். உண்டு, அவற்றை நாள்தோறும் சொல்லிக்கொடுப்பவள் நான். அவற்றில் நடக்க எவ்வளவு தெம்பு வேண்டும் என்று பாருங்கள்.

மேசைக்கு வருபவரிடம் நான் முதலில் சொல்வது: மனுவுக்கு முன்னால் மருத்துவமனை. காயம் ஆறிவிட்டால் சாட்சியும் ஆறிவிடும். ஏ.ஆர். காப்பியில் "யார், எங்கே, எதனால்" மூன்றும் ஏறாமல் திரும்ப வராதே. பிறகு புகார். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், சம்பவ இடம் வேறு எல்லையில் இருந்தாலும் பதிய வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசில்லாமல் தர வேண்டும். புகாரை வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டால் அது எஃப்.ஐ.ஆர். அல்ல என்பதைப் புரிந்துகொள். பதிய மறுத்தால் அதே பிரிவின்படி எஸ்.பி.க்கு எழுத்தில் தபால்மூலம் அனுப்பு. அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடு.

பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று அரசியல் சாசன அமர்வு சொன்னது. 120ஆம் பிரிவு அப்படிப்பட்ட குற்றம். என் மனுவில் அந்தப் பிரிவை எண்ணோடு எழுதியிருந்தேன். எஃப்.ஐ.ஆர். இல்லை. ஏன் இல்லை என்ற பதிலும் இல்லை.

மாஜிஸ்திரேட்டிடம் போகும் பாதையும் இப்போது நீண்டுவிட்டது. அந்தப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 175ஆம் பிரிவின்படி, பணி நிமித்தம் நடந்ததாகச் சொல்லப்படும் செயலுக்காக ஓர் அரசு ஊழியர் மீது விசாரணைக்கு உத்தரவிடும் முன், அவருடைய மேலதிகாரியிடம் அறிக்கை கேட்டாக வேண்டும், அவர் தரப்பையும் பார்த்தாக வேண்டும். உள்ளங்கையில் லத்தியால் அடிப்பது எந்தப் பணியைச் சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த மேலதிகாரியின் அறிக்கை எங்கே தயாராகும் என்பது எனக்குத் தெரியும். ரைட்டர் நகர்த்திய அந்தத் தாளிலிருந்துதான் தயாராகும்.

மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் எழுதச் சொல்வேன். சென்னையில் பி.எஸ். குமாரசாமி ராஜா சாலையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர வேண்டும், அது ஒன்றை மறக்கக் கூடாது. அந்த ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் நகலெடுத்து மேசை டிராயரில் வைத்திருக்கிறேன், சந்தேகப்படுபவர்களுக்குக் காட்டுவதற்காக. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புவேன். 15100 என்ற எண்ணை மனுவின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அதுவரைக்கும் பையன் எந்த வழியா வேலைக்குப் போவான்?" என்று ஒரு தாய் என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

இன்னொன்று. என் மருமகன் "கைது" செய்யப்படவே இல்லை. கைது செய்தால் டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் விதித்தவை எல்லாம் வந்து நிற்கும்: பெயர் வில்லை, சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, வக்கீலைப் பார்க்கும் உரிமை. "சும்மா விசாரணை" என்று சொல்லிவிட்டால் ஒரு காகிதமும் பிறப்பதில்லை. அந்த இரவு முழுவதும் அவன் எங்கே இருந்தான் என்பதற்கு உங்கள் பதிவேடுகளில் ஒரு வரி கிடையாது. என் கண்ணில் பட்ட ஒரு செருப்பு மட்டும்தான் சாட்சி.

அல்லது கேமரா. சம்பவம் நடந்த ஒன்பதாம் நாளே அந்த இரவின் சி.சி.டி.வி. காட்சிகளைப் பத்திரப்படுத்தக் கேட்டு எழுதினேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்டேன். முப்பதாம் நாள் ஒரே வரியில் பதில்: "கோரப்பட்ட நாளின் காட்சிகள் சேமிப்பில் இல்லை." 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது என்ன? நிலையத்தின் வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, கழிவறைக்கு வெளியே, பின்பக்கம் என்று எந்த மூலையும் விடுபடாமல் கேமரா, ஒலியும் சேர்த்து. பதிவுகள் பதினெட்டு மாதம் இருக்க வேண்டும், கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. அதைவிட முக்கியமாக, மனித உரிமை மீறல் நடந்தால் யாரிடம் புகார் செய்யலாம், காட்சிகளைப் பத்திரப்படுத்தக் கேட்கும் உரிமை உண்டு என்றெல்லாம் உள்ளூர் மொழியில் நிலையத்தின் வாசலிலும் உள்ளேயும் எழுதி வைக்க வேண்டும். ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரமும் நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "காவல்துறை உங்கள் நண்பன்" என்று இருந்தது. மற்றது இல்லை.

அந்த உத்தரவு வருவதற்கு ஐந்தரை மாதம் முன்புதான் சாத்தான்குளம் நடந்தது. 2020 ஜூன் 19 அன்று காவலில் வைக்கப்பட்ட ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரில் மகன் 22ஆம் தேதியும் தந்தை 23ஆம் தேதியும் இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், நிலையத்தின் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததை உயர்நீதிமன்றத்துக்கு அறிக்கையாகத் தந்தார். வட்டில் இடமில்லாமல் அல்ல; ஒரு டெராபைட் இடம் இருந்தது. அங்கே உண்மையைச் சொன்னது அந்த நிலையத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். சக ஊழியர்கள் சுற்றி நிற்கும்போது, பயந்துகொண்டே, சொன்னார். காவல்துறையில் நல்லவர்கள் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அப்படிப்பட்டவர் பயப்படாமல் சொல்லக்கூடிய ஓர் இடத்தை நீங்கள் வைத்திருக்கிறீர்களா என்பதே என் கேள்வி.

2025 ஜூன் 28 அன்று திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்தார். காரில் வைத்திருந்த நகை காணவில்லை என்ற புகாருக்கான "விசாரணை". சாதாரண உடையில் இருந்த தனிப்படை. அவர் உடலில் 44 காயங்கள். அங்கே அரசுக் கேமரா பேசவில்லை, ஒளிந்திருந்து ஒருவர் எடுத்த செல்போன் காட்சிதான் ஊரை எழுப்பியது. ஐந்து காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. காணாமல் போன ஒரு பொருள், எழுத்தில் இல்லாத ஒரு விசாரணை, சீருடை இல்லாத ஆட்கள். என் மருமகனை ஏற்றிக்கொண்டு போன வண்டியும் அதே பாதையில்தான் போயிருக்கிறது. அவன் திரும்பி வந்தான் என்பது மட்டும்தான் வித்தியாசம், அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அவர்கள் மூவரும் இறந்த பிறகு எல்லாக் கதவும் திறந்தன. உயிரோடு திரும்பியவர்களுக்கு எந்தக் கதவு திறக்கும்? அடிபட்டு, அவமானப்பட்டு, வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவன் புகார் கொடுக்க ஓர் இடம் இருந்திருந்தால், அடுத்தவன் சாகும் முன்பே அந்த லத்தி யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

செயலர் அவர்களே, நான் கேட்பவை இவை.

காவல் நிலையத்தின் மீதோ அங்கே பணிபுரிபவர் மீதோ வரும் எந்த மனுவையும் அந்த நிலையத்துக்கோ அந்த உட்கோட்டத்துக்கோ அனுப்பக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். உங்கள் கையெழுத்து போதும். புகார்தாரரை எந்த நிலையத்துக்கும் விசாரணைக்கு வரச் சொல்லாமல், வாக்குமூலத்தை அவர் வீட்டிலோ, சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ, வக்கீல் உடனிருக்க வாங்கச் சொல்லுங்கள். புகார்தாரரின் கையெழுத்தோடு "மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று வரும் தாளை மட்டும் வைத்து எந்த மனுவையும் முடிக்கக் கூடாது என்றும் அதிலேயே சேருங்கள்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவதற்கான வரைவைச் சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவர அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். மாநில ஆணையத் தலைவர் நாற்காலியை நீங்களே விட்டுக்கொடுங்கள். மாவட்டங்களில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதிகளை வையுங்கள், பெண் ஒருவராவது உறுப்பினராக இருக்கட்டும். அதுவரை, இப்போதுள்ள ஆணையம் எந்தக் கட்டடத்தில், எந்த நாளில், எந்த அறையில் மனு வாங்குகிறது என்பதை ஒவ்வொரு ஆட்சியர் அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் எழுதி ஒட்டுங்கள். இதுவரை எத்தனை மனு வந்தது, எத்தனையில் என்ன முடிவு என்பதை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள்.

கேமராக் காட்சியைப் பத்திரப்படுத்தக் கேட்டு ஒருவர் எழுதிய நாளிலிருந்து அந்தக் காட்சி அழிந்தால், நிலையப் பொறுப்பு அதிகாரி மீது துறை நடவடிக்கை என்று ஆணையிடுங்கள். உச்சநீதிமன்றம் சொன்ன அறிவிப்புப் பலகையைத் தமிழில், படிக்கிற உயரத்தில், எல்லா நிலையங்களிலும் வையுங்கள். விசாரணைக்கென்று அழைத்து வரும் ஒவ்வொருவரின் பெயரும், வந்த நேரமும், போன நேரமும், அழைத்து வந்தவர் பெயரும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். உறவினர் கேட்டால் காட்ட வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் காயம்பட்டவரிடம் மருத்துவர் கேட்கும்போது போலீசார் அறைக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற அறிவுறுத்தலை மக்கள் நல்வாழ்வுத் துறையோடு பேசி வெளியிடுங்கள்.

கடைசியாக என் மருமகனின் மனு. மனு எண்ணும் ரசீதின் நகலும், இரண்டு ஏ.ஆர். காப்பியும், தகவல் உரிமைச் சட்டப் பதிலும் உங்கள் அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் தனியே அனுப்பியிருக்கிறேன். முடித்துவைத்ததை ரத்து செய்து, எங்கள் மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஓர் அதிகாரியிடம் கொடுத்து, 120ஆம் பிரிவில் வழக்குப் பதியச் சொல்லுங்கள். அவன் கையெழுத்துப் போட்ட அந்த இரண்டு வெள்ளைத்தாள்களை எங்கிருந்தாலும் கண்டெடுத்து, அவனிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதும் ஒரு பெண்